சிலபஸ் என்பதே ஓர் அச்சுப்பிழை: தப்பில் பிறந்த ஆங்கிலச் சொற்கள்

[திரையில்: தேர்வு அறை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும்.]

"சார், இது சிலபஸிலேயே இல்லை!"

பரீட்சை எழுதிய யாரும் ஒரு முறையாவது இதைச் சொல்லியிருப்போம். நாம் இவ்வளவு நம்பிப் பிடித்துத் தொங்கிய அந்தச் 'சிலபஸ்' என்ற சொல் பழைய கிரேக்கத்திலும் இருந்ததில்லை, லத்தீனிலும் இருந்ததில்லை. யாரோ ஒருவர் எழுத்தைத் தப்பாகப் படித்ததால் உண்டான சொல் அது.

கி.மு. முதல் நூற்றாண்டுக்குப் போவோம். ரோம் நகரத்துப் பேச்சாளர் சிசெரோ, அட்டிகஸ் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். விஷயம் புத்தகங்களை அடுக்குவது. அந்தக் காலத்தில் புத்தகம் என்றால் சுருள். சுருட்டி வைத்துவிட்டால் எது எந்த நூல் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் தோலில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, பெயர் எழுதி, சுருளின் ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள். நம் ஊர்ச் சுவடிக் கட்டில் பெயர்ச்சீட்டு கட்டித் தொங்கவிடுவது போலத்தான். "நீங்கள் கிரேக்கத்தில் சிட்டிபாஸ் என்கிறீர்களே, அந்தத் துண்டு செய்யக் கொஞ்சம் தோல் எடுத்து வரச் சொல்" என்பதுதான் சிசெரோ எழுதியதன் சாரம்.

இந்தக் கடிதத்தை நூற்றாண்டுக் கணக்கில் கையால் பார்த்துப் பார்த்து எழுதி வந்தார்கள். வழியில் எங்கோ சிட்டிபாஸில் இருந்த இரண்டு 'ட்' இரண்டு 'ல்' ஆகிவிட்டன. 15ஆம் நூற்றாண்டில் அச்சு வந்தபோது பிழையும் சேர்ந்தே அச்சேறியது. அப்புறம் வந்த அறிஞர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 'ஒன்றுசேர்த்தல்' என்று பொருள் தரும் ஒரு கிரேக்க வினைச்சொல்லிலிருந்து இது வந்திருக்க வேண்டும் என்று இல்லாத தாய்க்கு ஒரு ஜாதகம் எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இன்று நம் பள்ளிக்கூடம் வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. பன்மையில் 'சிலபை' என்று சொல்லி அசத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாத சொல்லுக்கு இலக்கண சுத்தமான பன்மை!

வணக்கம். இப்படித் தப்பில் பிறந்து, இன்று நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி அகராதியில் உட்கார்ந்திருக்கும் சில ஆங்கிலச் சொற்களைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்: தப்பு செய்தவர் யார்? காதால் கேட்டுப் பேசிய சாதாரண ஆளா, பேனா பிடித்த படிப்பாளியா?

[திரையில்: சமையல்காரரின் மேலங்கி, ஒரு பாம்பு, கிரிக்கெட் நடுவர். மூன்றும் அருகருகே.]

இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? ஏப்ரன், ஆடர், அம்பயர். மூன்றுமே முன்னொரு காலத்தில் 'ந' என்ற ஒலியில் தொடங்கிய சொற்கள். மூன்றும் அதைத் தொலைத்துவிட்டன.

எப்படித் தொலைந்தது என்பது நமக்குச் சட்டென்று புரியும், ஏனென்றால் நம்மிடமும் இதே ஏற்பாடு இருக்கிறது. 'ஒரு மரம்' என்கிறோம், 'ஓர் ஆடு' என்கிறோம். அடுத்து வருவது உயிரெழுத்தா, மெய்யா என்று பார்த்து முன்னால் வரும் சொல் மாறுகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். மெய்யொலிக்கு முன் 'அ', உயிரொலிக்கு முன் 'அன்'.

இப்போது மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'அ நாப்ரன்.' 'அன் ஆப்ரன்.' காதுக்கு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அடுப்படியில் நின்று இதைக் கேட்டால் எங்கே பிரிப்பார்? எங்கே வேண்டுமானாலும் பிரிப்பார். மேசைத் துணிக்கு ஃபிரெஞ்சில் 'நாப்' என்று பெயர். சின்னத் துணி 'நாப்ரோன்'. இடுப்பில் கட்டும் துணிக்கு ஆங்கிலத்தில் நாப்ரன் என்றே பெயர் இருந்தது. கேட்டவர்கள் 'ந'வை வெட்டி முன்னால் இருந்த 'அ'வோடு ஒட்டினார்கள். சொல் தலையில்லாமல் ஏப்ரன் ஆனது. அதன் கூடப்பிறந்த 'நாப்கின்' மட்டும் முழுசாகத் தப்பித்தது. நிலப்படத்துக்குச் சொல்லும் 'மேப்'பும் இதே துணிக் குடும்பம்தான். துணியில் வரைந்ததால் வந்த பெயர்.

நம் இலக்கண உரையாசிரியர்கள் இந்த விளையாட்டை எப்போதோ கவனித்துவிட்டார்கள். 'செம்பொன்பதின்தொடி' என்று ஓர் எடுத்துக்காட்டு தருவார்கள். தொடி என்பது ஓர் எடை அளவு. 'செம்பொன் பதின்தொடி' என்று பிரித்தால் பத்துத் தொடி தங்கம். 'செம்பு ஒன்பதின்தொடி' என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. ஒலி ஒன்றுதான். எங்கே நிறுத்துகிறோம் என்பதில் தங்கம் செம்பாகிவிடுகிறது! ஆங்கிலேயர்கள் செய்தது இதுதான். என்ன, அவர்கள் பிரித்தது பிரித்தபடியே நிலைத்துவிட்டது.

ஆடர் என்பது விரியன் வகைப் பாம்பு. பழைய ஆங்கிலத்தில் அது 'நாட்ரே'. ஜெர்மன்காரர்கள் இன்னும் 'நாட்டர்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பாம்புக்கு மட்டும் தலை போய்விட்டது.

அம்பயர் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஃபிரெஞ்சில் 'நோன்பெர்'. 'நோன்' என்றால் இல்லை, 'பெர்' என்றால் ஜோடி, சமம். ஆக, ஜோடி சேராதவர், ஒற்றையாள். இரண்டு பேருக்குள் வழக்கு வந்தால் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும் மூன்றாவது மனிதர். கிரிக்கெட் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நிலத் தகராறு, கடன் தகராறு எல்லாவற்றுக்கும் இவர்தான் பஞ்சாயத்து. 'அ நௌம்பெர்' என்றது 'அன் அம்பயர்' ஆனது. மைதானத்தில் எத்தனை பேர் திட்டினாலும், பெயரளவில் அவர் இன்னும் யாரோடும் ஜோடி சேராதவர்தான்.

சரி, தொலைத்தது மட்டும்தானா? எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 'ஈக்' என்றால் பழைய ஆங்கிலத்தில் கூடுதல், உபரி. இருக்கிற பெயருக்கு மேல் கூடுதலாக வைக்கும் பெயர் 'ஈக்நேம்'. 'அன் ஈக்நேம்' என்பதில் இருந்த 'ன்' அடுத்த வீட்டுக்குத் தாவியது. 'அ நீக்நேம்' ஆகி, கடைசியில் நிக்நேம். நீரில் வாழும், பார்க்கப் பல்லி போல இருக்கும் 'நியூட்' என்ற உயிரியும் இப்படித்தான் 'ந' வாங்கிக்கொண்டது. அதற்கு முன் அது வெறும் 'யூட்'.

[திரையில்: நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. அருகில் ஓர் ஆரஞ்சுப் பழம்.]

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் ஆரஞ்சைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "அ நாரஞ்ச் என்பதை ஆங்கிலேயர் அன் ஆரஞ்ச் என்று தப்பாகப் பிரித்தார்கள்" என்று. பாதி சரி. 'ந' தொலைந்தது உண்மை. தொலைத்தவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை.

சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. அதற்கும் முன்னால் ஒரு திராவிட மொழிச் சொல் இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. நம் நாரத்தை, நார்த்தங்காய் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அங்கிருந்து பாரசீகத்துக்கு 'நாரங்' ஆகப் போனது. அரபியில் 'நாரஞ்ச்'. ஸ்பெயின்காரர்கள் இன்றும் 'ந'வை விடவில்லை. இத்தாலியிலும் பிரான்சிலும்தான் முன்னால் வரும் 'ஒரு' என்ற சொல்லோடு 'ந' ஒட்டிக்கொண்டு கழன்றது. ஃபிரெஞ்சில் தங்கத்துக்கு 'ஓர்' என்று பெயர். பழத்தின் நிறமும் தங்கம். அந்தச் சொல்லும் சேர்ந்து முதல் எழுத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டது என்பார்கள். ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போதே பழம் உரிக்கப்பட்டுத்தான் வந்தது. அப்புறம் அதே சொல் கப்பலேறி நம்மிடம் வந்து, நார்த்தங்காய் ஜாடிக்குப் பக்கத்தில் 'ஆரஞ்சு' என்று புது ஆள் போல உட்கார்ந்துகொண்டது.

கணக்குத் தப்பிய சொற்களும் உண்டு. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் 'பீஸ்' என்று பெயர் இருந்தது. ஒருமைதான். ஆனால் கடைசியில் 'ஸ்' கேட்டதும், "ஓ, இது பன்மை போல, அப்படியானால் ஒன்று என்றால் 'பீ'தானே?" என்று மக்களே ஒரு புது ஒருமையைச் செய்துகொண்டார்கள். செர்ரிப் பழமும் அப்படியே, 'செரீஸ்' என்ற ஒருமையிலிருந்து. ஹாம்பர்க் என்ற ஜெர்மன் ஊரின் பெயரால் வந்த ஹாம்பர்கரில் 'ஹாம்' என்பது பன்றி இறைச்சி என்று நினைத்து, அதை வெட்டி, மிச்சத்தை 'பர்கர்' ஆக்கியதும் இதே தச்சு வேலைதான். இதையெல்லாம் செய்தவர்கள் சந்தையிலும் அடுப்படியிலும் இருந்தவர்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

இனி படித்தவர்களிடம் வருவோம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம்.

[திரையில்: கரும்பலகை. ஒரு சிறுமி 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டுகிறாள்.]

ஐலண்ட். தீவு. இந்தச் சொல்லின் நடுவில் ஓர் 'எஸ்' இருக்கிறது. உச்சரிக்கக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். எத்தனை பிள்ளைகள் 'இஸ்லாண்ட்' என்று வாசித்து வகுப்பில் சிரிப்பு வாங்கியிருப்பார்கள்! அந்த 'எஸ்' அங்கே ஏன் வந்தது தெரியுமா? பழைய ஆங்கிலச் சொல்லில் அது கிடையாது. கேட்டபடியே எழுதிவந்த, ஒழுங்கான நாட்டுச் சொல் அது. 'ஐல்' என்று வேறொரு சொல் ஃபிரெஞ்சு வழியாக வந்திருந்தது. அதன் மூலம் 'இன்சுலா' என்ற லத்தீன் சொல், அதில் 'எஸ்' உண்டு. 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் மோகம் தலைக்கேறியிருந்த படிப்பாளிகள், ஐலும் ஐலண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து இரண்டுக்கும் 'எஸ்' மாட்டிவிட்டார்கள். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. தப்பு செய்தவர்கள் அவர்கள். சிவப்பு மை வாங்குவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை.

கடனுக்கான 'டெட்' என்ற சொல்லில் நிற்கும் ஊமை 'பி'யும் இவர்கள் கைவேலைதான். அங்கே வம்சாவளியாவது உண்மை, 'டெபிட்டும்' என்ற லத்தீன் சொல்தான் மூலம். ஐலண்டுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மேல்', 'ஃபீமேல்' என்ற இரண்டு சொற்களைப் பார்த்தால் முதல் சொல்லுக்கு முன்னொட்டு போட்டு இரண்டாவதைச் செய்தது போலத் தோன்றும். பெண்ணைக் குறித்த சொல் ஃபிரெஞ்சில் 'ஃபெமெல்', தனி வேரிலிருந்து வந்தது. ஆணைக் குறித்த சொல் பக்கத்திலேயே இருந்ததால் அதன் சாயலில் கடைசி எழுத்துகளை மாற்றிவிட்டார்கள்.

அச்சுக்காரர்களையும் விட்டுவைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பழமை காட்ட விரும்பும் கடைகள் 'யீ ஓல்ட்' என்று பலகை மாட்டும். நாமும் அதை 'யீ' என்றுதான் படிக்கிறோம். அப்படி ஒரு சொல்லை அந்தக் காலத்தில் யாரும் கடைப் பெயருக்கு முன்னால் உச்சரித்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கென்று தனி எழுத்து இருந்தது. அதன் பெயர் 'தார்ன்', முள் என்று பொருள். கையெழுத்தில் அது தேய்ந்து தேய்ந்து 'ஒய்' மாதிரியே ஆகிவிட்டது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் திறந்த காலத்தில் அச்செழுத்துகள் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து வந்தன, அந்தப் பெட்டிகளில் தார்னுக்கு இடமில்லை. பார்வைக்கு நெருக்கமான 'ஒய்'யை எடுத்துக் கோத்தார்கள். அந்தக் காலத்து வாசகர் அதைச் சரியாகவே 'த' என்று படித்தார். நாம்தான் தப்பாகப் படிக்கிறோம்.

[திரையில்: தடிமனான பழைய அகராதி. பக்கங்கள் புரள்கின்றன.]

தப்பைத் திருத்த வேண்டிய இடம் அகராதி. அகராதியே தப்பு செய்தால்?

1755இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வந்தது. கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்த வேலை, அதை மதிக்காமல் இருக்க முடியாது. அதில் 'பாஸ்டர்ன்' என்ற சொல்லுக்குக் 'குதிரையின் முழங்கால்' என்று பொருள் போட்டிருந்தார். உண்மையில் அது குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் பகுதி. ஒரு சீமாட்டி நேரிலேயே கேட்டாராம், ஏன் இப்படி எழுதினீர்கள் என்று. பெரிய விளக்கம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். ஜான்சன் சொன்னது: "அறியாமை, அம்மா, சுத்த அறியாமை."

இந்தத் தப்பு நிலைக்கவில்லை. ஆனால் அதே அகராதியில் அவர் செய்த இன்னொரு தப்பு மொழியையே மாற்றிவிட்டது. 'இன்டர்நெசைன்' என்ற சொல். லத்தீனில் அதற்குப் பொருள் 'கடைசி ஆள் சாகும் வரை நடக்கும்' போர், பெரும் அழிவு. இங்கே 'இன்டர்' என்பது அழுத்தம் கொடுக்க மட்டும் வந்த முன்னொட்டு. ஜான்சன் அதை 'இடையே' என்று எடுத்துக்கொண்டு 'ஒருவரையொருவர் அழிக்கப் பார்க்கும்' என்று பொருள் எழுதினார். மக்கள் அகராதியை நம்பினார்கள். இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் உட்கட்சிப் பூசல் என்று சொல்ல இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். அகராதி எழுதியவர் தடுக்கி விழுந்த இடத்திலேயே ஊர் பாதை போட்டுக்கொண்டது.

இதையெல்லாம் விட வேடிக்கை 'டார்ட்'.

1931 ஜூலையில், அமெரிக்காவில் வெப்ஸ்டர் அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் ஒரு சீட்டு எழுதிப் போட்டார். 'பெரிய டி அல்லது சின்ன டி: அடர்த்தி.' அதாவது அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கெழுத்தாக இந்த இரண்டு வடிவமும் வரும் என்று குறிப்பு. ஆங்கிலத்தில் 'அல்லது' என்பதற்கு 'ஆர்'. அந்த அலுவலகத்தில் தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுத் தட்டச்சு செய்வது வழக்கம். ஆகவே 'டி ஆர் டி' என்று இருந்த மூன்று துண்டுகளும் ஒரே சொல்லைப் போலவே தெரிந்தன. சுருக்கெழுத்துக் கட்டுக்குப் போக வேண்டிய சீட்டு, சொற்கள் கட்டுக்குப் போய்விட்டது. அங்கே ஒருவர் அதை 'டார்ட்' என்று படித்தார். இன்னொருவர் பெயர்ச்சொல் என்று குறித்தார். உச்சரிப்பும் போட்டாயிற்று. 1934இல் புத்தகம் வெளிவந்தது: டார்ட், பெயர்ச்சொல், இயற்பியலிலும் வேதியியலிலும் 'அடர்த்தி' என்று.

உலகத்தில் ஒருவர்கூடப் பேசாத, எழுதாத சொல். 1939இல் ஒரு பதிப்பாசிரியர் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது, இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் விளக்கம் இல்லையே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். பூதம் கிளம்பியது.

பூதம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. இப்படிப் பிறக்காமலே நடமாடும் சொற்களுக்குப் 'பேய்ச்சொல்' என்றே 1886இல் வால்டர் ஸ்கீட் என்ற மொழியறிஞர் பெயர் வைத்தார். அவர் காட்டிய ஒரு பேய் நம் நாட்டைப் பற்றியது. 1808இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை, இந்துக்களின் நேர்த்திக்கடன்களை விவரிக்கும்போது, சிலர் கைகளில் 'கைம்ஸ்' குத்திக்கொள்கிறார்கள் என்று அச்சிட்டது. அது என்ன ஆயுதம்? ஒன்றுமில்லை. 'நைவ்ஸ்', அதாவது கத்திகள், என்ற சொல்லை அச்சுக் கோத்தவர் தப்பாகப் படித்திருந்தார்.

[திரையில்: கவசம் அணிந்த குதிரை வீரன்.]

ஒரே ஆள் செய்த தப்பைப் பார்த்தோம். நான்கு பேர் கைமாற்றிய தப்பு ஒன்று உண்டு. 'டெரிங் டூ'. வீரசாகசம் என்று பொருள் சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர், ஒரு வீரன் தனக்குரியதைச் 'செய்யத் துணிந்தான்' என்ற பொருளில் இரண்டு சாதாரண வினைச்சொற்களை அடுத்தடுத்துப் போட்டார். அடுத்த நூற்றாண்டில் லிட்கேட் என்ற கவிஞர் அதே தொடரை எடுத்தாண்டார். அவர் நூலைப் பின்னால் அச்சிட்டவர்கள் ஓரிரு எழுத்தை மாற்றிவிட்டார்கள். 1579இல் ஸ்பென்சர் அதைப் படித்து, ஏதோ பழங்காலப் பெயர்ச்சொல் என்று எண்ணித் தன் கவிதையில் வைத்தார். பக்கத்திலேயே 'ஆண்மை, வீரம்' என்று பொருள் குறிப்பும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் அதைத் தன் சரித்திர நாவலில் எடுத்துவிட்டார். நாவல் பரபரப்பாக ஓடியது, சொல்லும் கூடவே ஓடியது. பழைய சொல் போல மணக்கிறது என்பதற்காகவே எல்லோரும் விரும்பினார்கள். அது பழைய சொல்லே இல்லை.

கடைசியாகக் கடல் தாண்டி வந்த காதுகள். 1624இல் கேப்டன் ஜான் ஸ்மித், ஸ்பெயின்காரர்கள் 'கக்கரூட்ச்' என்று சொல்லும் பூச்சியைப் பற்றி எழுதினார். ஸ்பானிய மொழியில் அது 'குக்கராச்சா'. ஆங்கிலேயர் வாயில் அது சேவலுக்கான 'காக்' என்ற சொல்லையும், 'ரோச்' என்ற மீன் பெயரையும் சேர்த்தது போல ஆகிவிட்டது. சேவலும் இல்லை, மீனும் இல்லை. கரப்பான்பூச்சி.

தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் இந்தியாவிலிருந்துதான் கிடைத்தது. முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று முழங்குவார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அது இரண்டு துரைமார்களின் பெயராக விழுந்தது: 'ஹாப்சன் ஜாப்சன்'. இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த அகராதி 1886இல் இந்தப் பெயரிலேயே வெளிவந்தது. பர்னல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சாவூர் அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் இவரே. 1882இல் இறந்துவிட்டதால் அச்சான புத்தகத்தை அவர் பார்க்கவில்லை.

நம் சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் வேறொன்றைச் சொல்கிறேன்.

'கிட' என்றால் இருந்த இடத்தில் இரு. சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. தமிழ்க் கிடங்கு அல்லது அதன் தெலுங்கு உறவு வியாபாரிகளோடு மலாய் நாட்டுக்குப் போய் 'குடங்' ஆனது என்பது அந்த அகராதி முதற்கொண்டு பலரும் சொல்வது. போர்ச்சுகீசியர் வழியாக அது ஆங்கிலேயர் காதுக்கு வந்தபோது, அவர்களுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் கேட்டன: 'கோ', 'டவுன்'. கீழே போ! கப்பல் சரக்கை வைக்கும் அறைக்குக் கீழே இறங்கித்தானே போக வேண்டும்? பொருத்தமாக இருந்ததால் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

[திரையில்: நெல் மூட்டைகள். வாசலில் நிற்கும் லாரி.]

அரசாங்கப் பலகையில் 'கிடங்கு' என்று எழுதியிருக்கிறது. அதன் அடியில் லாரியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் போனில் முதலாளியிடம் சொல்கிறார்: "அண்ணே, குடோனுக்கு வந்துட்டேன்."